உன் பக்கம் வந்திருக்கும் பையன்

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 2026

பாப்பா,

சனிக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டாய். கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். "இனிமே நெப்ராஸ்கா ஃபுட்பால் பத்தி எங்கிட்ட பேசாதீங்கப்பா" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினால் என் கையெழுத்துக்காவது கடைசி வரை படிப்பாய்.

இங்கே வாசலில் பனி இன்னும் கல்லாகக் கிடக்கிறது. அம்மா நலம். சோளத் தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வரை வந்து போகிறார். அவர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடைசியில் எழுதுகிறேன்.

நம் நெப்ராஸ்கா காலேஜ் அணியின் க்வார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற பையன், டிலன் ரயோலா ஆரெகன் காலேஜ் அணிக்குப் போய்விட்டான். சரி. அந்த அணியின் ஊரான யூஜீன் உன் சியாட்டில் வீட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் இருக்குமா? கணக்குப் பார்த்தால் பையன் எங்களை விட்டு உன் பக்கம் வந்திருக்கிறான். நீ இவ்வளவு கொதிப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

2023 டிசம்பரை நினைத்துப் பார். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாய். முதலில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சரி சொன்னவன், அப்புறம் ஜார்ஜியாவுக்குச் சரி சொன்னவன், கையெழுத்து வாரத்தில் நம் பக்கம் திரும்பினான். பள்ளிப் பிள்ளைகளின் திறமைக்குப் போடும் நட்சத்திரங்களில் உச்சமான ஐந்தும் வாங்கிய க்வார்ட்டர்பேக்! அவன் அப்பா டொமினிக் ரயோலா இங்கே சென்டராக ஆடியவர். 'ரத்தம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது' என்று ஊரே பேசியது. நீ சமையலறையில் குதித்த குதியில் அம்மாவின் அடைமாவுப் பாத்திரம் சரிந்ததே. அன்றைக்கு ஜார்ஜியாவில் எந்த வீட்டிலாவது ஒரு பெண் போனைத் தூக்கி எறிந்திருப்பாளா என்று நாம் இருவரும் யோசிக்கவே இல்லை. நம்மிடம் வந்தபோது அதற்குப் பெயர் ரத்த பாசம். நம்மை விட்டுப் போனபோது துரோகம். இந்த அகராதியை எழுதியவர்கள் நாம்தான்.

அவன் இருந்த இரண்டு வருடமும் 7 வெற்றி, 6 தோல்வி. முதல் வருடம் அது பொங்கல் மாதிரி இருந்தது. சீசன் முடிவில் ஓரளவு ஜெயித்த அணிகளுக்குக் கிடைக்கும் பவுல் ஆட்டம், 2016-க்குப் பிறகு முதல் முறை அல்லவா! யாங்கி ஸ்டேடியக் குளிரில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்ததற்கு நான் ஆபீசில் ஜாங்கிரி கொடுத்தேன். அதே 7-6 இரண்டாம் வருடம் கசந்தது. போன நவம்பரில் யுஎஸ்சி ஆட்டத்தில் அவன் காலெலும்பு முறிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கதை இங்கே முடியாது என்று.

ஊரில் பெரியப்பா ஒருமுறை கேட்டார்: "காலேஜ் பையன் விளையாடுறதுக்கு எதுக்குடா ஊரே அழுவுது?" காலேஜ் அணிக்குப் பள்ளிப் பையன்களைப் பிடிக்கும் ரெக்ரூட்டிங் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கப்போய், கடைசியில் பெண் பார்க்கும் படலம் என்று சொல்லி முடித்தேன். அதற்கு மேல் சரியான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கோச் வீடு தேடி வருகிறார். சோபாவில் உட்கார்ந்து அம்மா செய்ததைச் சாப்பிட்டு 'பிரமாதம்' என்கிறார். பையனின் உயரம், எடை, 40 யார்டு ஓட எத்தனை நொடி, எல்லாம் ஜாதகம் போல ஏற்கெனவே ஊர் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. நட்சத்திரப் பொருத்தமும் உண்டு, மூன்றா நான்கா ஐந்தா என்று. பையன் வாய்வார்த்தையாகச் சரி சொன்னால் அது நிச்சயதார்த்தம். டிசம்பரில் கையெழுத்துப் போட்டால்தான் தாலி. நடுவில் யார் வேண்டுமானாலும் புகுந்து கலைக்கலாம். 2018-ல் கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் பதியும் போர்ட்டல் வந்தது. 2021-லிருந்து ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டிய தண்டனை இல்லாமலேயே கல்லூரி மாறலாம் என்றார்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பையன் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. போன ஜூலையிலிருந்து கல்லூரியே வருடத்துக்கு 2 கோடி டாலர் வரை விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்கலாம். ஆக, தாலிக்கும் இப்போது வருடா வருடம் புதுப்பித்தல். பெரியப்பா கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல வரதட்சணை வேற பக்கம் போகும்" என்றார்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான், அது பணம் இல்லை. கோச்சுகளுக்குக் கோடிகள் கொடுத்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் பையன் வாங்கும்போது மட்டும் ஒழுக்கம் பேசக்கூடாது. என் வருத்தம் வாக்-ஆன் பிள்ளைகளுக்காக. ஸ்காலர்ஷிப் இல்லாமல், சோளக்கொல்லையிலிருந்து அப்பா செலவில் வந்து சேர்ந்து, மூன்று வருடம் பயிற்சியில் அடி வாங்கி, நான்காம் வருடம் களத்தில் இறங்குவார்களே. ப்ரெய்னார்ட் என்ற சின்ன ஊரிலிருந்து மாக்கோவிக்கா வீட்டு அண்ணன் தம்பிகள் அப்படி வந்தவர்கள்தான். அந்தக் காலத்துக் கோச் டாம் ஆஸ்பார்ன் அவர்களை வைத்துத்தான் அணி கட்டினார். இப்போது ஒரு அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு. இதைச் சொன்னால் சோளத் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

நான் இங்கே வந்தது 1993 ஆகஸ்டில், மண்ணியல் படிக்க. அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தால் தெரு முழுக்கச் சிவப்புச் சட்டை. குழந்தை, கிழவி, போலீஸ்காரர், எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். நெல்லையப்பர் ஆனித் தேர் மாதிரி ஏதோ இருக்கும்போலிருக்கிறது என்று நானும் பின்னாலேயே போனேன். அன்றைக்கு மட்டும் மெமோரியல் ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று அப்புறம் சொன்னார்கள். 1962-லிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. இப்போது அந்தக் கணக்கு 400-ஐத் தாண்டிவிட்டது, நாங்கள் தோற்ற வருடங்களையும் சேர்த்து.

என் முதல் ஐந்து சீசனில் இந்த அணி தோற்றது மொத்தம் மூன்று ஆட்டம். 60 வெற்றி, 3 தோல்வி. 94, 95, 97 என்று மூன்று தேசியப் பட்டம். நான் நினைத்தேன், ஃபுட்பால் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது, பஸ் வருகிற மாதிரி பட்டமும் வரும் என்று. கடைசியாக ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது நாங்கள் ஆடும் லீகின் பட்டம், வந்தது 1999-ல். நீ பிறந்த வருடம். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ பார்த்ததெல்லாம் பஸ் வராத ஸ்டாப். 9-3 என்று இருந்த கோச் சோலிச்சை 2003-ல் வெளியே அனுப்பினார்கள், நம் தகுதிக்கு ஒன்பது வெற்றி போதாது என்று! இன்றைக்கு ஒன்பது ஜெயித்தால் ஓ ஸ்ட்ரீட்டில் தேர் இழுப்போம். 2021-ல் ஒன்பது தோல்வி, ஒன்பதும் ஒன்பது புள்ளிக்குள். அந்த வருடம் நீ சியாட்டிலிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அழுதுகொண்டே போன் செய்வாய், நான் உப்புமா ஆறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

சரி, சியாட்டில் என்றதும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

2017-ல் உனக்கு இங்கேயே முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். உனக்கு வயது பதினேழு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "அப்பா, நான் சியாட்டில் போறேன்" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய். நான் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நீ கிளம்பியதற்கு முந்தைய சனிக்கிழமை நார்தர்ன் இல்லினாயிடம் 21-17 என்று சொந்த மண்ணில் தோற்றோம். நம் க்வார்ட்டர்பேக் டேனர் லீ எறிந்த பந்தை இரண்டு முறை அவர்கள் பிடித்துக்கொண்டு ஓடி டச்டவுனே அடித்தார்கள். ஞாபகம் இருக்கிறதா, ஓமாஹா ஏர்போர்ட் போகிற ஒரு மணி நேரமும் நான் டேனர் லீயைத் திட்டிக்கொண்டே வந்தேன். 'வெளியிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊர் அருமை எப்படித் தெரியும்' என்றுகூடச் சொன்னேன். நானே வெளியிலிருந்து வந்தவன்தான், அது வேறு கதை. அம்மா பின்சீட்டிலிருந்து, "போதும், நிறுத்துங்க" என்றாள். அவளுக்குத் தெரியும், நான் யாரைத் திட்டுகிறேன் என்று. உனக்கும் தெரிந்திருக்கும். நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நானாக உனக்கு முதல் போன் செய்தது டிசம்பரில், ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக வருகிறான் என்ற செய்தி வந்த அன்றைக்கு. "நம்ம பையன் திரும்பி வர்றான் பாப்பா" என்றேன். இரண்டரை மாதம். என்னால் அதற்கு முன்னால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த 'திரும்பி வருகிறான்' என்ன ஆனது என்பதும் உனக்குத் தெரியும்: 16 வெற்றி, 31 தோல்வி, 2022 செப்டம்பரில் நடுசீசனில் கதவைத் திறந்துவிட்டார்கள். நாம் மறந்துவிடுகிற இன்னொன்று, இந்த ஊர்க்காரனான ஃப்ராஸ்டும் பள்ளி முடித்ததும் முதலில் போனது ஸ்டான்ஃபோர்டுக்குத்தான். அங்கிருந்து மாறி வந்துதான் 97 பட்டத்தை வாங்கிக் கொடுத்தான்.

க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோ கதை இதற்கு நேர்மாறு. அப்பா ஜிம் பர்ரோ இங்கே ஆடியவர், இரண்டு அண்ணன்மாரும் இங்கே ஆடியவர்கள். பையனுக்கும் இங்கே வர ஆசை. நாம்தான் ஒரு ஆஃபர்கூடக் கொடுக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய், அங்கிருந்து எல்எஸ்யுவுக்கு மாறி, 2019-ல் காலேஜ் ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனும் வாங்கினான், 15-0 என்று தேசியப் பட்டமும் வாங்கினான். அந்த இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்த ராத்திரி சோளத் தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது, "இந்தப் பையன் நம்ம கதவைத் தட்டினான்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சீசன் எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் இந்த முறை குறைவு, போர்ட்டல் வழியாகத்தான் ஆட்கள். பந்தோடு ஓடுவதில் நம் லீகான பிக் டென்னிலேயே முதலாவதாக வந்த எம்மெட் ஜான்சன் என்எஃப்எல் பக்கம் கிளம்பிவிட்டான். அவன் வந்தபோது மூன்று நட்சத்திரம்தான், நீயே பெயரைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் கேட்டால், போன நவம்பரில் ரயோலாவுக்குப் பதிலாக இறங்கிய டிஜே லடீஃப் யுசிஎல்ஏ போய் ஆடிய ஆட்டம்தான். முதல் வருடப் பையன், முதல் முறையாக ஆரம்பத்திலிருந்து ஆடுகிறான், ரோஸ் பவுல் மைதானத்தில், கை நடுங்காமல் 28-21. அதற்கப்புறம் பென் ஸ்டேட்டிடமும் ஐயோவாவிடமும் வாங்கியதை நானும் பார்த்தேன், எழுதி அனுப்ப வேண்டாம். க்வார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் முன்வரிசை நிமிராமல் க்வார்ட்டர்பேக் யாராக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கோச் மேட் ரூல் அதைச் சரிசெய்வாரா என்பதுதான் என் ஒரே கேள்வி. எட்டு வெற்றி என்று ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன். போன வருடமும் அதையேதான் சொன்னேன்.

இப்போது தாத்தா விஷயம். அவரால் இனி கிழக்கு ஸ்டாண்டு படியெல்லாம் ஏற முடியாது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர் கையில் இருக்கும் இரண்டு சீட்டையும் இந்த வருடம் நம்மை உட்காரச் சொல்கிறார். ஒன்று எனக்கு. அம்மா வரமாட்டாள், அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தலைவலி. இன்னொன்றை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "மொதல்ல அவகிட்ட கேளு" என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிரணி களத்தை விட்டுப் போகும்போது நம் ஆட்கள் எழுந்து கைதட்டுவது வழக்கம் இல்லையா. ஒருநாள் ரயோலா ஆரெகன் சட்டையில் இங்கே வந்தால்? தாத்தா ரொம்ப நேரம் யோசித்தார். "தட்டுவேன், கொஞ்சம் மெதுவா" என்றார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைக்குமா என்று ஆபீசில் கேட்டுப் பார். விமான டிக்கெட் விலை ஏறுவதற்குள் சொன்னால் நல்லது. ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன், இந்த முறை ரேடியோ போடமாட்டேன். உன் சிவப்பு ஸ்வெட்டர் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. அம்மா நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா