விஸ்வநாத் எதையும் கோட்டைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் இந்திய அணியின் பழைய பேட்ஸ்மேன் ஜி.ஆர். விஸ்வநாத் பற்றிக் கட்டுரை வந்திருப்பதைப் பார்த்து ஆசையோடு படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில், "1975-இல் சேப்பாக்கத்தில் 97 ரன் எடுத்து சதத்தைக் கோட்டைவிட்டார்" என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க வெகுநேரம் பிடித்தது.

ஐயா, அவர் அன்றைக்கு அவுட்டே ஆகவில்லையே. எதிர்முனையில் கடைசி ஆளாக சந்திரசேகர் அவுட் ஆனார். இவர் 97-இல் அப்படியே திரும்பி வந்தார். கோட்டைவிடுவது என்றால் கையில் இருந்ததைக் கவனக்குறைவால் இழப்பது. தமிழ் தெரிந்த தங்கள் அலுவலகத்தில் இந்தச் சொல் எப்படித் தாண்டிப் போனது?

நான் அன்று கேலரியில் இருந்தேன். ஜனவரி 11, சனிக்கிழமை. எனக்குப் பதினாறு வயது. திருவல்லிக்கேணியிலிருந்து அப்பாவோடு நடந்தே போனேன், தூக்கில் தயிர்சாதத்தோடு. கவாஸ்கர் காயத்தால் ஆடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் ஓடிவரத் தொடங்கினால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஹெல்மெட் கிடையாது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, உயரம் குறைந்த இந்த ஒரு மனிதர் மட்டும் எழும்பி வந்த பந்தை நுனிக்காலில் நின்று ஸ்கொயர் கட் அடித்தார். சரி, பந்து கீப்பர் கைக்குப் போய்விட்டது என்று நாங்கள் நினைத்த நேரத்தில் மணிக்கட்டை லேசாகத் திருப்புவார், அது தேர்ட் மேன் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் பேடி கொஞ்ச நேரம் கூட நின்று கொடுத்தார். இந்தியா எடுத்த 190-இல் பாதிக்கு மேல் விஸ்வநாத் அடித்தது. அந்த டெஸ்டில் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பும்வரை அப்பா பேசவே இல்லை. ராத்திரி நோட்டில் ஸ்கோர் எழுதும்போது கண் கலங்கியிருந்தார்.

அப்புறம், டெஸ்ட் சராசரி 42-ஐத் தொடாததால் விஸ்வநாத்தை முதல் வரிசையில் வைக்க முடியாதாம். 41.93 என்பது எனக்கும் தெரியும். கொல்கத்தாவில் அதே தொடரில் 139, 1976-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 ரன்னைத் துரத்தியபோது 112, 1979-இல் மறுபடி சேப்பாக்கத்தில் 124. மூன்றும் மேற்கிந்தியத் தீவுகளோடு, மூன்றிலும் வெற்றி. அவர் சதம் அடித்த 14 டெஸ்டுகளில் ஒன்றில்கூட இந்தியா தோற்றதில்லை. இதில் ஒரு வரிக்காவது இடம் கொடுத்திருக்கலாம். 1980-இல் மும்பையில் கேப்டனாக இருந்து, அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்து வீரர் பாப் டெய்லரை அவர் திரும்ப அழைத்ததை, தோல்வியைத் தேடிக்கொண்ட தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், இந்தியா தோற்றது. பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்த பிறகு அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

இரண்டு வருடம் முன்பு வேறொருவர் படத்துக்குக் கீழே விஸ்வநாத் பெயரைப் போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. ரஞ்சி ஆட்டங்களின் முழு ஸ்கோர் போடுவதை நிறுத்தியபோது எழுதியதற்கும் பதில் இல்லை. ஐபிஎல் ஏலத்துக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது. நாற்பது வருடமாகக் காலையில் தங்கள் நாளிதழைத்தான் முதலில் பிரிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். "ஆட்டமிழக்காமல் 97" என்று ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் அந்த இன்னிங்ஸின் ஸ்கோரையும் முழுதாக வெளியிடுங்கள். அப்பாவின் நோட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 97-க்குப் பக்கத்தில், அவுட் ஆகவில்லை என்பதற்கு அவர் போட்ட நட்சத்திரக் குறி மங்கலாக இருக்கும், அச்சில் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருவல்லிக்கேணி