அழவும் சூழ்ச்சி செய்யவும் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

அரசியல் தொடர்களின் பெண் பாத்திரங்கள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கணவர் இறந்ததும் கட்சிக்கு வரும் மனைவி, இல்லையென்றால் சூழ்ச்சி செய்யும் மைத்துனி. இவர்களை விட்டால் எழுத ஆளே இல்லை போலும். இருவரும் ஒரு கோப்பைக்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டை 2016-லேயே சட்டமாக்கிய மாநிலம் இது. எங்கள் ஊராட்சியில் கடந்த முறை தலைவராக இருந்த அம்மா, மேட்டூர் அணை திறப்புக்கு முன் வாய்க்கால் கரையில் நின்று, "மதகு வரைக்கும் தூர் வாரிட்டு அப்புறம் பில் போடுங்க" என்று ஒப்பந்தக்காரரை மடக்கியதைப் பார்த்திருக்கிறேன். கணவரே தலைவர் நாற்காலியில் உட்காரும் ஊர்களும் உண்டு. சரி, அதையாவது எழுதலாமே. தொடர் எழுதுபவர்கள் அடுத்த கதைக்கு முன் டெல்டாவில் ஒரு கிராமசபைக் கூட்டத்துக்கு வந்து, வார்டு உறுப்பினர்களாக இருந்த பெண்களிடம் பேசிப் பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், திருவையாறு