பெட்டி கட்டும் விளையாட்டெல்லாம் பிள்ளைகளுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறைக்கென்று நீங்கள் வெளியிட்ட பட்டியலில், வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டும், பிரித்து அடுக்கும் கணினி விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகச் சிறு பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்திருந்தீர்கள். அது சரியில்லை. இந்த வகையில் இரண்டு கிளைகள் உண்டு: இதமானது ஒன்று, திகிலானது ஒன்று. முகப்புப் படத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'அன்பேக்கிங்' முதல் கிளை. 1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டு வீடுகளில் குடியேறுகிறாள். பெட்டியைப் பிரித்துச் சாமானை அடுக்குவதுதான் வேலை. மதிப்பெண் கிடையாது, நேரக் கெடு கிடையாது. பெட்டிகள் காலியானதும், இடம் தவறிய பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும், அவ்வளவுதான் தண்டனை.

இரண்டாவது கிளையும் அதே வெளிர்நிறச் சுவர், அதே மெல்லிசையோடுதான் தொடங்கும். பயம் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும். பன்னிரண்டு டம்ளர் கட்டியிருப்பீர்கள்; பெட்டியின் மேல் பதின்மூன்று என்று எழுதியிருக்கும். டேப் ஒட்டி வைத்த பெட்டி, அடுத்த அறைக்குப் போய் வருவதற்குள் பிரிந்து கிடக்கும். ஆனால் பெரிய ஆயுதம் ஒலிதான். திரைச்சீலை, மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் சத்தத்தை உறிஞ்சுபவை. அவற்றைக் கட்டி வெளியேற்ற வெளியேற்ற அறை எதிரொலிக்கும். நிஜ வீட்டிலும் அப்படித்தான். விளையாட்டை உருவாக்குபவர்களில் கைதேர்ந்தவர்கள் அந்த எதிரொலிக்குள் இன்னொரு காலடியைக் கலந்துவிடுவார்கள். பிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கியதும் இரைச்சல் நிற்கும். அதற்கடியில் வேறொரு சத்தம் முன்பே இருந்தது அப்போதுதான் காதில் விழும்.

கைதேராதவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு அலறல் வைப்பார்கள். பேயைத் துரத்தவிட்டால், ஆடுபவர் சாமானை அள்ளிப் போட்டுவிட்டு ஓடுவார். அடுக்கும் சுகமும் போச்சு, பயமும் போச்சு. இன்னொரு குறை வேடிக்கையானது. இரண்டு பொருள்களின் எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டால், அசைவைக் கணிக்கும் நிரல் குழம்பி, பாத்திரம் தானாக நடுங்கும், சில சமயம் சுவரைத் துளைத்துக்கொண்டும் போகும். பேயா, பிழையா? சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடிப் பாருங்கள். அதே பாத்திரம் அதே கட்டத்தில் நகர்ந்தால், அது வேண்டுமென்றே வைத்தது, பெரும்பாலும் பேய்.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த, தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரைவிட்டு எங்கள் செட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில், பேயே இல்லாமல் பெட்டி கட்டுவதுகூட ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் இதமான காட்சியாக இருக்காது. பேரப்பிள்ளை ஆடும் அறையில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

டிஸ்க்காக வாங்கினால், உறையில் நம் நாட்டுத் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் முத்திரையைப் பாருங்கள். வயது எண்ணோடு 'எச்' எழுத்து இருந்தால் திகில். ஐரோப்பிய முத்திரையில் பயத்துக்கு அடையாளம் சிலந்திப் படம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்குவோர் 'சைக்கலாஜிக்கல் ஹாரர்' (மனத்தைக் கலக்கும் திகில்) என்ற குறிச்சொல்லைத் தேட வேண்டும். ஆடுபவர்களும் சேர்க்கும் குறிச்சொற்கள் என்பதால், வெளியான முதல் நாள்களில் அது இல்லாமலும் போகலாம். அங்கே பணத்தைத் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரமும் 2 மணியைத் தாண்டக் கூடாது. சிக்கல் இங்கேதான். திகில் மூன்றாவது வீட்டில்தான் தலைகாட்டும் என்றால், அதற்குள் இரண்டு மணி ஓடியிருக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தைப் பெரியவர் ஒருவர் ஹெட்போன் போட்டு ஆட வேண்டும். மிச்சத்தை, யாராவது ஆடிப் பதிவேற்றிய வீடியோவில் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் பார்த்துவிடலாம்.

ஸ்டீம் குடும்ப வசதியில், பிள்ளை எந்த விளையாட்டைத் திறக்கலாம் என்று பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். வீடு முழுக்க ஒரே கணக்கில் ஆடினால் அது பயன்படாது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டும். மின்வெட்டு நேரம் தெரிந்தால், அதற்கு முன்பே விளையாட்டை முறையாக மூடிவிடுங்கள். சேமித்தது பெரும்பாலும் மூடும்போதுதான் ஸ்டீம் கிளவுடு என்ற இணையச் சேமிப்பகத்துக்குப் போகும்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது எண்ணையும் திகில் குறியையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினி விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வாசகர்கள் இருவர்,
செட்ஸ்வொர்த், டர்பன்