ஒரு வேளைச் சிறுநீர் போதுமா?

ஆசிரியருக்கு,

பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் தாலேட் ரசாயனங்கள் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சொல்லும், சரி, ஆனால் எந்த நாளின் கணக்கை? ஈயத்தைப் போல எலும்பில் தங்கிக் கிடக்கும் சரக்கல்ல இது. உள்ளே போன தாலேட் சில மணி நேரத்தில் சிதைந்து, பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது. காலையில் கொடுக்கும் மாதிரி பெரும்பாலும் முந்தைய நாளின் கதையைத்தான் பேசும். அந்த ஒற்றை எண்ணைக் காட்டி ஒருவரைப் பயமுறுத்துவதும் தவறு, தைரியம் சொல்வதும் தவறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999 முதல் இதை அளந்துவருவது, பெருந்திரளான மக்களின் பொதுநிலையை அறியத்தான்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவருடைய மாதிரியும் இல்லாமல் சுத்தமான நீரை மட்டும் கருவியில் செலுத்தினாலும் தாலேட் தலைகாட்டும். குழாய், மூடி, கையுறை என்று எதிலிருந்தும் அது கசியக்கூடும். அதனால்தான் தாலேட்டை விட்டுவிட்டு, உடல் அதை உடைத்து உண்டாக்கும் பொருட்களை அளக்கிறோம். அப்புறம், நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால், தசைகளில் உண்டாகி ஓரளவு சீராகச் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினினின் அளவோடும் ஒப்பிட வேண்டும். எனவே தனிநபருக்கு அறிக்கை தரும் பரிசோதனை நிலையங்கள் வெவ்வேறு நாட்களில் எடுத்த சில மாதிரிகளையாவது கேட்க வேண்டும். மாதிரி எடுத்த நேரத்தையும் கிரியேட்டினின் அளவையும் அறிக்கையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

– ஒரு வாசகர்