திருமங்கையாழ்வார் சன்னிதித் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயில் திருமங்கையாழ்வார் சன்னிதித் திருப்பணி முடிந்து, சம்ப்ரோக்ஷணமும் (குடமுழுக்கு) நல்லபடியாக நடந்தேறியது. தணிக்கையான வரவு செலவுக் கணக்கை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பணம் போன வழி அதில் தெரியும். சில முடிவுகளுக்கான காரணம் தெரியாது என்பதால் இந்த அறிக்கை.

மேல்தள ஒழுகலுக்குப் பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்தோம். சிமெண்ட் மலிவுதான். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும் என்று ஸ்தபதி மறுத்துவிட்டார். தளவரிசையிலும் வர்ணத்திலும் சொல்ல ஒன்றுமில்லை.

மதில் ஏன் வடக்கே வளைகிறது என்று பலர் கேட்டார்கள். நேர்கோட்டில் கட்டினால் மகிழ மரத்தை வெட்ட வேண்டும். ஆழ்வாரே திருவரங்கத்தில் மதில் எழுப்பியபோது தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனத்தைத் தொடாமல் வளைத்துக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. அவர் சன்னிதிக்காக நாம் மரம் வெட்டுவதா? கூடுதல் செலவானது, பரவாயில்லை.

அதிக விவாதம் வரலாற்றுப் பலகை பற்றித்தான். திருக்குறையலூரில் பிறந்த நீலன், சோழனின் படைத்தலைவனாகி ஆலிநாட்டை ஆண்டவர் என்பதுவரை யாருக்கும் தகராறு இல்லை. அடியார்களுக்கு அமுதிட வழிப்பறி செய்ததையும், மதில் கட்ட நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்ததையும் எழுதலாமா என்பதில்தான் இழுபறி. 'குருபரம்பரை நூல்கள் (ஆழ்வார், ஆசாரியர் வரலாறுகள்) கூறுவது' என்ற குறிப்போடு இரண்டையும் சேர்த்தோம். வழிப்பறியை மறைத்தால், பெருமாளையே மறித்து அவரிடம் திருமந்திரம் பெற்றதை நடித்துக் காட்டும் வேடுபரி உற்சவத்துக்கு என்ன விளக்கம் சொல்வது? ஆழ்வாரும் போர்வீரன் என்ற அடையாளத்தை விட்டுவிடவில்லை. தாம் பாடிய பெரிய திருமொழியின் 1084 பாசுரங்களில், பதிகம் முடியும் இடங்களில் கலியன், பரகாலன், மங்கை வேந்தன் என்று வேலோடும் வாளோடும்தான் பெயர் போட்டுக்கொள்கிறார். காஞ்சிபுரத்துப் பரமேச்சுர விண்ணகரக் கோயில் பதிகம் பாடும்போது பல்லவ மன்னனின் போர்களையும் விடவில்லை. அதனால்தான் புதிய சுதை உருவத்தின் கையிலும் வேல் இருக்கிறது.

தெற்குச் சுவரில் திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவக் கட்டங்களில் கல்லில் பொறித்தாயிற்று. குடந்தை (கும்பகோணம்) பெருமாள்மேல் ஆழ்வார் பாடியது. 1-2-1, அப்புறம் 1-2-3-2-1 என்று பாட்டின் சொற்களில் எண்கள் ஏறி இறங்கி 7 வரை போகும். கட்டம் மாறினால் எண் வரிசையே குலையும் என்பதால், உளி வைக்குமுன் காகிதத்தில் வரைந்து பாசுரம் சேவிக்கும் பெரியவர்களிடம் சரிபார்த்தோம். கண்ணைப் பறிக்கும் பொன் வர்ணம் எழுத்துக்கு வேண்டாம் என்பதும் நம் முடிவுதான், கல்லே போதும்.

குதிரை வாகனம் மட்டும் பாக்கி. கால்மரம் உளுத்திருக்கிறது. மீதித் தொகையை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஆழ்வார் திருநட்சத்திரமான கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நாளுக்குள் முடிக்க உத்தேசம். நன்கொடை ரசீது வாங்காதவர்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்