ஏரிச் சேற்றில் ஒரு சாம்பல் கோடு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. ஜேர்மனியின் லாகர் ஏரிக்கரையில் நீயும் மச்சாளும் சேர்ந்து நிற்கும் படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் அதிக நேரம் பார்த்தது மெண்டிக் ஊருக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் சுவரின் கீழே நீ தனியாக நிற்கும் படத்தைத்தான். நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த சுவர்; அதன் அடியில் நீ ஒரு புள்ளி. அவ்வளவும் ஒரே எரிமலை வெடிப்பில் குவிந்தது என்பதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். கச்சான் விடாமல் வீசுகிறது. கிணறுகள் நன்றாக இறங்கிவிட்டன. மகளுக்குக் கந்தளாய்க்கு இடமாற்றம் கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். என் முழங்கால் பழைய மாதிரியேதான். கோணேசர் கோவில் ஏற்றத்தை இப்போது இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. லாகர் ஏரி எரிமலை வெடித்ததால்தான் ஐரோப்பா ஆயிரம் வருடத்துக்கு மேல் குளிரில் உறைந்தது என்று அங்கே யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவனிடம் அப்படி எழுதிவிட்டு நீ தப்ப முடியுமா? அந்தக் கருத்தைச் சில ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த வெடிப்பு எப்போது நடந்தது, குளிர் எப்போது தொடங்கியது என்பதற்கான சாட்சி உன் வீட்டிலிருந்து காரில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. மீர்ஃபெல்டர் மார் என்ற எரிமலைக் குழி ஏரியின் அடிச்சேறுதான் அந்தச் சாட்சி.

அந்த ஏரி சிறியது; அடியில் ஒட்சிசன் குறைவு. சேற்றைக் கிளறும் புழுக்கள் அங்கே வாழ முடியாததால், விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது. இளவேனிலில் டயட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகிச் செத்து வெளிர்நிறமாக ஒரு படலம் படியும். அதன்மேல் குளிர்காலத்துக் குப்பையும் களியும் கருமையாக ஒரு படலம். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். அந்த அடுக்குகளின் நடுவே லாகர் ஏரிச் சாம்பல் ஒரு கோடாகக் கிடக்கிறது. அதிலிருந்து மேல்நோக்கி வருட வருடமாக எண்ணிக்கொண்டு போனால், குளிர் தொடங்கிய அடையாளத்துக்கு வந்துசேர ஏறக்குறைய 200 வருட அடுக்குகள் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டு பொறுத்திருந்தா ஒரு சாம்பல் மேகம் உலகைக் குளிர்விக்கும்?

இதைவிடச் சுவையான பகுதி இனித்தான். அந்த வெடிப்பு சுமார் 12,880 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். அந்தக் கணக்கின்படி, ஜேர்மனியில் குளிர் தொடங்கியது கிரீன்லாந்துப் பனிக்கட்டி காட்டும் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு அளவு பிந்தித்தான். குளிர் வடக்கிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தது என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். 2021-இல், அந்த வெடிப்பின்போது சாம்பலுக்குள் புதைந்துபோன மரங்களின் வளையங்களைக் கதிரியக்கக் காபன் முறையில் அளந்து வெளியிட்டார்கள். வெடிப்பு நடந்தது 13,006 ஆண்டுகளுக்கு முன், ஒன்பது ஆண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று வந்தது. சாம்பல் கோடு சுமார் 130 வருடம் பின்னுக்குப் போனதும் அதன்மேல் எண்ணிய அத்தனை அடுக்குகளும் சேர்ந்து பின்னுக்குப் போயின. இரண்டு இடத்துக் குளிரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்து பொருந்திவிட்டன. பெரிய புதிராக இருந்தது வெறும் கணக்குப் பிசகாகப் போனது. ஏரிச் சேறு தன் இடத்தில் அப்படியேதான் இருந்தது. இதை வாசித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல இங்கே பக்கத்தில் ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாம்பல் அடுக்கின் பெருமை எனக்கு அது சொல்லும் அழிவில் இல்லை. தூரத் தூர இடங்களில் ஒரே காலத்தைச் சுட்டிக்காட்டுகிறதே, அதில்தான் இருக்கிறது. ஐஸ்லாந்தின் கட்லா எரிமலை சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் உன் மீர்ஃபெல்டர் மாரிலும் கிடைத்தது, நோர்வேயின் கரையோரத்தில் உள்ள கிராகெனெஸ் ஏரியிலும் கிடைத்தது. அதை இரண்டிலும் ஒரே கோடாக வைத்துப் பார்த்தபோது, கடுங்குளிர் இளகத் தொடங்கியது ஜேர்மனியில் முதலில், நோர்வேயில் சுமார் 120 வருடம் கழித்து என்று தெரிந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால் இரண்டு ஏரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வழியே இருந்திருக்காது. முன்சொன்ன புதிரில் பொய்த்துப்போன தாமதம் இங்கே மெய்யாக நிற்கிறது, பார்த்தாயா?

தூரத்து ஏரிகளில் இந்தச் சாம்பலைக் கண்ணால் காண முடியாது. சேற்றுத் தண்டைக் குழாயில் எடுத்து, நெடுக்காகப் பிளந்து, சென்றிமீட்டர் சென்றிமீட்டராக வெட்டுகிறார்கள். இலை தழைக் கழிவுகளை எரித்தும் அமிலத்தில் கரைத்தும் நீக்குகிறார்கள். மிச்சத்தை அடர்த்தி கூடிய திரவத்தில் இட்டால் கனமான மணல் அமிழும், கண்ணாடித் துணுக்குகள் மிதக்கும். நுணுக்குக்காட்டியில் அவற்றின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நிறமே இல்லை. உடைந்த குமிழியின் சுவர் போல வளைந்த ஓரங்கள், சிலது மூன்று கிளை பிரிந்தவை, எல்லாம் தலைமயிரின் தடிப்புக்கும் குறைந்தவை. பிறகு ஒவ்வொரு துணுக்கின்மேலும் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி, சிலிக்கா எவ்வளவு, பொற்றாசியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அளக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கறித்தூளுக்கு ஒரு கைப்பதம் இருப்பதைப் போல எரிமலைக்கு எரிமலை, பல வேளைகளில் வெடிப்புக்கு வெடிப்பு, அந்த அளவுகள் மாறும்.

நமக்கு நெருங்கிய பெரும் வெடிப்பு சுமாத்திராவின் தோபா. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். இடையில் பெரும்பாலும் கடல்தான். அதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கிறது, ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் கிடக்கிறது. அங்கே இரண்டு மீட்டருக்கு மேல் தடிப்பாக இருப்பதைப் பார்த்து அவ்வளவும் வானத்திலிருந்து விழுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றியுள்ள மேட்டில் விழுந்ததை மழை அரித்துக்கொண்டு வந்து தாழ்ந்த இடத்தில் சேர்த்ததுதான் பெரும்பங்கு. அந்தச் சாம்பலுக்குக் கீழும் மேலும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்தன. தோபா உலகெங்கும் மனித இனத்தைச் சில ஆயிரம் பேராகக் குறைத்துவிட்டது என்ற கதையை நாம் இருவரும் ஒரு காலத்தில் வாய்பிளந்து கேட்டிருக்கிறோம். 2013-இல் ஆபிரிக்காவின் மலாவி ஏரியில், 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், தோபாவின் துணுக்குகளைக் கண்டுபிடித்தார்கள். ஏரி பெரிதாகக் குளிர்ந்ததற்கான அடையாளம் அந்த மட்டத்துச் சேற்றில் இல்லை. எனக்கு இந்தச் சாட்சி போதும். கதை எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் சேறு சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

இங்கேயும் பிள்ளைகள் எரிமலையை விடமாட்டார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குக் கீழே எரிமலை இருக்கிறதா என்று கேட்காத வகுப்பே எனக்கு வாய்த்ததில்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். எனக்கோ அதுவே அதிசயமாகத்தான் இருக்கிறது.

நம் குளங்களின் சேற்றில் இப்படி ஏதாவது வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் மருமகனோடு ஆண்டாங்குளம் பக்கம் போனபோது, வற்றிய குளத்தில் செங்கல்லுக்கு மண் எடுத்த குழி ஒன்று இருந்தது. இறங்கி, கத்தியால் அதன் சுவரைச் சீவிப் பார்த்தேன். மேலே சாம்பல்நிறக் களி, அதற்குள் நத்தை ஓடுகள், கீழே மஞ்சள் பருக்கை மணல். களியும் மணலும் சேரும் இடத்தில் கோடு நேராக இல்லை; எருமைக் குளம்பு மிதித்த இடங்களிலெல்லாம் களி உருண்டை உருண்டையாகக் கீழே இறங்கியிருந்தது. வருடா வருடம் வற்றி வெடித்து, மாடு மிதித்து, தூர்வாரப்படும் குளத்தில் மெல்லிய கோடு எதுவும் தங்காது. தோபாவோடு ஒப்பிட்டால் நம் குளங்கள் நேற்று வெட்டியவை.

களப்புகளின் நிலை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுவந்து போட்ட மணல் நம் கரையோரக் களப்புச் சேற்றில் தனி அடுக்காகக் கிடக்கிறது. குச்சவெளிப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டில் அதை நானே பார்த்தேன்: கரிய சேற்றுக்கு நடுவே ஒரு விரல் தடிப்பில் வெண்மணல், உள்ளே சிப்பித் துண்டுகள். அந்த மணலுக்குக் கீழே உள்ளது எல்லாம் அந்தக் காலைக்கு முந்தியது, மேலே உள்ளது எல்லாம் பிந்தியது. அன்று போனவர்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் ஆய்வாளர்கள் குழாய் இறக்கி, இதே மாதிரிப் பழைய சுனாமி மணல் அடுக்குகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிக் கண்டிருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையின் களப்புகளையும் ஒன்றுவிடாமல் அப்படி வாசிக்க வேண்டும். இறால் பண்ணைக்கும் கட்டிடத்துக்கும் கிளறிவிட்டால் அந்த ஏடு போய்விடும். என் பழைய மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். இதை அவள் காதில் போட்டுவைத்திருக்கிறேன், ஆர்வமாகவே கேட்கிறாள்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். மீர்ஃபெல்டர் மாருக்குப் பக்கத்தில் மான்டர்ஷைட் என்ற ஊரில் இந்தக் குழி ஏரிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போது ஒரு நாள் போய்வா. ஏரிச் சேற்றுத் தண்டு ஏதும் அங்கே வைத்திருந்தால், லாகர் ஏரிச் சாம்பல் எது என்று கேட்டு, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அந்த மாணவிக்கும் காட்ட வேண்டும்.

மச்சாளையும் பிள்ளைகளையும் சுகம் கேட்டதாகச் சொல். அடுத்த ஆடிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் போடுமுன் நாளைச் சொல், குச்சவெளிக்குப் போக வாகனம் ஒழுங்கு செய்து வைக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி