அறுத்த கயிறுகளைத் திரும்பக் கட்ட விடுங்கள்

யாங்கூன் (ரங்கூன்) நகரில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், முகப்பைப் புதுப்பித்துக் கொடுத்த காண்ட்ராக்டர் ஐயாவுக்கும் வணக்கம்.

பர்மிய மொழியில் எழுதிய மனுவைப் படிக்கட்டு ஓரமாக ஒட்டி வைத்தோம். மறுநாளே அதைக் காணோம். குழுவில் பாதிப்பேர் நம்மவர்கள். காளி கோயில் வாசலில் பார்த்தால் நின்று நலம் விசாரிக்கிறவர்கள். அதனால் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பால்கனிகளிலிருந்து தொங்கிய மணிக்கயிறுகளைப் போன வாரம் ஒன்றுவிடாமல் அறுத்தெறிந்தீர்கள். புது முகப்பின் அழகு கெடுகிறது, திருட்டுப் பயம் வேறு என்று காரணம் சொன்னீர்கள். ஒரு நைலான் கயிற்றைப் பிடித்து ஆறாம் மாடிவரை ஏறி வருகிற திருடன் யாங்கூனில் இருந்தால், அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டாம், நல்ல சர்க்கஸாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம்.

என் மாமியாரின் கதையை மட்டும் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் வலி. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் மட்டும்தான். அந்தக் கயிறு இருந்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. கீழே யாராவது இழுத்தால் மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்ப்பார், விலை கேட்பார், பேரம் பேசுவார். காசைப் பையில் போட்டு, கயிற்று நுனியில் இருக்கும் கிளிப்பில் மாட்டி இறக்குவார். அதே பையில் கீரையும் சில்லறையும் ஏறி வரும். காலையில் அவித்த பட்டாணி, அப்புறம் செய்தித்தாள், மாதத்துக்கு ஒரு தடவை மருந்துக்கடைப் பையன் கொண்டு வருகிற பிரஷர் மாத்திரை. விருந்தாளி வந்தால் கீழ்க் கதவுச் சாவியும் அதில்தான் இறங்கும்.

கயிறு போன மூன்றாம் நாள் மாத்திரை தீர்ந்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கரண்ட் இருக்கும்போது. ஜெனரேட்டரை எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படியில் இறங்கிப் போய் மாத்திரை வாங்கியவர், திரும்பி ஏறும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்த நேரம், படிக்கட்டில் விளக்கு இல்லை. ட்யூஷன் முடிந்து வந்த ஒரு பையன் போன் வெளிச்சத்தில் அவரைப் பார்த்து, கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தான். வந்தவர் எங்களிடம் கோபப்படக்கூட இல்லை. "கயிறு எங்கே போச்சு?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடம் அனுப்புகிறேன். தயவுசெய்து கயிறுகளைத் திரும்பக் கட்ட விடுங்கள்.

இது மாமியாரின் மாத்திரையோடு முடிகிற விஷயமும் இல்லை. நம் வீடுகள் எப்படிப்பட்டவை? அகலம் பன்னிரண்டரை அடி, நீளம் ஐம்பது அடி, நடுவில் சுவர்கூட இல்லாத ஹால் டைப். காற்றும் வெளிச்சமும் முன்பக்கம் கொஞ்சம், பின்சந்துப் பக்கம் கொஞ்சம். பின்சந்தின் நாற்றத்தைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் வேண்டும். அதனால் மனிதர்கள் எல்லாரும் முன்பக்கத்துக்கு வந்து வாழ்ந்தார்கள். பால்கனிதான் எங்களுக்குத் திண்ணை. 1850-களில் வெள்ளைக்காரன் இந்த ஊரின் தெருக்களுக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டபோது எங்கள் சௌகரியத்தை நினைத்தா போட்டான்? இல்லை. ஆனால் குறுக்குத் தெருக்களை அவன் குறுகலாக விட்டதால், இந்தப் பால்கனியிலிருந்து எதிர்ப் பால்கனிக்குக் குரல் கொடுத்தே ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்கலாம். முடித்தும் இருக்கிறார்கள்.

கயிறு இந்தத் தெருவுக்குக் கண்ணாகவும் இருந்தது. நான்காம் மாடிப் பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்ததை முதலில் சந்தேகித்தது யார்? குழுவா, வாட்ச்மேனா? பட்டாணிக்காரம்மா. "காலையிலே மாட்டின பேப்பர் இன்னும் கிளிப்பிலேயே தொங்குதே" என்று டீக்கடையில் சொன்னது அவர்தான். டீக்கடைக்காரர் ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடினார். நீங்கள் மாட்டியிருக்கிற கேமராவில் பெரியவரின் பேப்பர் தெரியுமா?

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று நாம் எல்லாரும் தெருவில்தான் நின்றோம். எந்த மாடியில் யார் இறங்கவில்லை என்று விரல்விட்டுச் சொன்னவர்கள் கீழே கடை போடுகிறவர்கள். அவர்கள் உட்கார்கிற முன்மேடையில்தான் இப்போது கம்பி முள் பதித்திருக்கிறீர்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். பால்கனியை அடைத்துக் கண்ணாடி போட்டாயிற்று. கரண்ட் போனால் ஏசி இல்லை, ஜன்னலைத் திறக்க வழியும் இல்லை, உள்ளே வேக வேண்டியதுதான். கட்டடத்துக்கு 'ரெசிடென்ஸ்' என்று தங்க எழுத்தில் பெயர் வேறு. சிங்கப்பூரைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆசைப்படுகிறவர்கள் சிங்கப்பூரின் கரண்டையும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். கண்டோமினியம் சட்டம், அதாவது அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரர்களுக்கான சட்டம், 2016-இலேயே வந்துவிட்டது. நம் கட்டடம் அதற்குள் வருமா, உங்கள் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் என்ற வழக்குக்கெல்லாம் நான் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லவும் இல்லை, அதற்கு நாங்களும்தானே பங்கு கொடுத்தோம். கேட்பது கயிறு.

அழகுதான் பிரச்சினை என்றால், எல்லா வீட்டுக்கும் ஒரே நிறத்தில் கயிறு வாங்கிக்கொள்கிறோம், செலவு எங்களுடையது. வீட்டுக்கு ஒரு கண்ணாடிப் பலகையை மட்டும் திறக்கும்படி மாற்றி, பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துக் கொடுங்கள். இரவில் கயிற்றை மேலே சுருட்டி வைத்துவிடுகிறோம், திருடனுக்கும் சிரமம் வேண்டாம். இதைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசி, முடிவை எழுத்தில் படிக்கட்டு அருகே ஒட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பதுதான் முடிவென்றால், கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் குழுவினர் ஆறாம் மாடிவரை படியேறி வந்து அதை என் மாமியாரிடம் நேரில் சொல்லுங்கள். டீ போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஆறாம் மாடி மருமகள்